பிணம் பார்க்காத லென்ஸ்

எங்கள் காலனியில் வீட்டுக்கு ஒரு போட்டோவாவது மாட்டியிருக்கும். சட்டம் போட்டு, கண்ணாடிமேல் குங்குமம் வைத்து, காய்ந்த மாலையோடு. அத்தனையும் நான் எடுத்தவை. அத்தனை பேரும் செத்தவர்கள். உயிரோடு இருந்தபோது அவர்களில் ஒருவர்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. உயிர் போனதும் ஆள் ஓடிவரும்: "யண்ணா, கேமராவ எத்துகினு வா, பெருசு பூட்ச்சு."

அது எங்கள் பக்கத்து வழக்கம். செத்தவரைக் குளிப்பாட்டிப் புதுத்துணி கட்டி நாற்காலியில் உட்கார வைப்பார்கள். காலனியில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று டீக்கடையில் இருந்தது. மார்பை நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டி, கட்டு தெரியாமல் மேலே மாலையைப் போடுவார்கள். தலை சாய்ந்துவிடாமல் ஒருவன் நாற்காலிக்குப் பின்னால் குந்தி, பிடரியைத் தாங்கிப் பிடித்துக்கொள்வான். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள் அல்லவா, அது தெரியாதபடி சேலையையோ வேட்டியையோ கீழே இழுத்துவிடுவார்கள். சுற்றி மக்கள், மருமக்கள் எல்லாரும் நின்ற பிறகு நான் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் டீக்கடைக்காரர் நாற்காலியைக் கழுவி வெயிலில் போட்டு, சாயங்காலம் அதிலேயே ஆளை உட்கார வைத்து டீ கொடுப்பார். நானும் அதில் உட்கார்ந்து குடித்தவன்தான்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. திருவள்ளூரை ஒட்டித் திருவாலங்காடு பக்கமாக ரயில் பாதையோரம் எங்கள் காலனி. நான் அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் டர்னர். காலை ரயிலைப் பிடித்துப் போய் நாளெல்லாம் லேத்தில் இரும்பைக் கடைந்துவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் நாற்றத்தோடு திரும்புவேன். எங்கள் சூப்பர்வைசர் பயிற்சிக்காக ரஷ்யா போய்வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த கேமராவில் அவருக்கு ஆசை தீர்ந்ததும் என் தலையில் கட்டினார். கட்டினார் என்ன, நானேதான் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். லென்ஸைத் திருகிக் கழற்றலாம், வேறு மாட்டலாம். இரும்பில் திருகு மரை வெட்டுகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வாங்கிய முதல் வாரம் எடுப்பதைவிடக் கழற்றி மாட்டியதுதான் அதிகம்.

கல்யாண வீடுகளாக எடுத்துத் தள்ளப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். கிழித்தேன். எனக்கு வாய்த்த முதல் வேலை பக்கத்து வீட்டுக் கிழவரின் சாவு. இரண்டாவதும் சாவு. அதோடு பெயர் விழுந்துவிட்டது. கல்யாண வீட்டில் போய் நின்றால், "பொணம் எடுத்த பொட்டியாச்சேப்பா அது, வோணாம்" என்று சொல்லிவிட்டு டவுனிலிருந்து ஸ்டுடியோக்காரரை அழைத்து வருவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். அந்த வீட்டுக் கிழவி செத்தால் மட்டும் இந்தப் பெட்டி வேண்டும்!

இதெல்லாம்கூடப் போகட்டும். என் அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

அப்பா செத்தபோது என்னிடம் கேமரா இல்லை. யாரிடமும் இல்லை. அவருக்குப் போட்டோ என்று எங்கள் வீட்டில் எதுவும் கிடையாது. முகம் எனக்கே கலங்கிப்போய்விட்டது. மீசை நினைவிருக்கிறது, மூக்கு நினைவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா சட்டென்று கையை நிறுத்திவிட்டு, "உங்கப்பன் மூஞ்சி எனக்கே மறந்துகினு வருது நைனா" என்றாள். என் அம்மா சுலபத்தில் அழுகிறவள் அல்ல. அன்றைக்கும் அழவில்லை, குழம்பை ஊற்றினாள்.

அன்று ஒரு முடிவு செய்தேன். அம்மாவை உயிரோடு எடுத்துவிட வேண்டும். கண் திறந்து, நின்றுகொண்டு, யாரும் பிடரியைத் தாங்காமல். அந்த டீக்கடை நாற்காலியில் மட்டும் அவள் போட்டோவுக்கு உட்காரக் கூடாது. வாழ்க்கையில் நான் இவ்வளவு வெறியோடு வேண்டிக்கொண்டது வேறெதுவும் இல்லை.

அம்மா ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கினாலே கூடையை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள். நான் விடாமல் கெஞ்சினேன். கடைசியில் ஒருநாள் வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"தோ பாரு நைனா. அந்தக் கண்ணு எத்தினி பொணத்தப் பாத்திருக்கு? அது என்னையும் அப்டிதான பாக்கும்? பொணம் பாக்காத கண்ணு ஒண்ணு கொண்டா, நிக்கிறேன். ஆனா ஒண்ணு. முழுசா எடுக்கணும். காலு தெரியணும். பாதி ஒடம்பு எடுத்தா பாதி ஆயுசு பூடும்."

கண் என்று அவள் சொன்னது லென்ஸை. பெட்டிமேல் அவளுக்குக் கோபமில்லை, கண்மேல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இன்னொரு லென்ஸ், அவ்வளவுதானே! புது லென்ஸ் வந்துவிட்டால் சாவுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம், காலனி வாயையும் அடைக்கலாம் என்று கோட்டை கட்டினேன்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழைய சாமான் மார்க்கெட்டில், கேமரா சாமான் வைத்திருந்த ஒரு பாயிடம் போனேன். கடை என்றால் ஒரு பலகை அகலம். எதிர்க்கடை கைக்கு எட்டும். மேலே தார்ப்பாய், கீழே கிராமபோன் தட்டுகளும் பழைய கடிகாரங்களும். பகலிலேயே பல்பு எரியும். என் கேமராவின் மரைக்குப் பொருந்துகிற மாதிரி மூன்று லென்ஸ் எடுத்து வைத்தார். ஒன்று என்னிடம் இருப்பது போலவே. விலையைச் சொன்னதும் கீழே வைத்துவிட்டேன். இரண்டாவது அகலமாகப் பார்க்கிற ரகம். உள்ளே பூஞ்சை பிடித்து, கண்ணில் பூ விழுந்த மாதிரி இருந்தது. மூன்றாவது நீளமானது, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுவது. கண்ணாடி துளிக் கீறல் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. விலையும் என் கைக்கு எட்டியது.

அம்மா ஞாபகம் வந்து கேட்டேன்: "பாய், இதுல சாவு கீவு எடுத்திருப்பாங்களா?"

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா கேள்வி இது? நம்மகிட்ட குடுத்த தொரை குருவி எடுக்கிறவர். குருவி, கொக்கு, மீன்கொத்தி. மனுசனையே எடுத்ததில்ல, பொணத்த எங்க எடுக்கிறது?"

குருவி பார்த்த கண்! என் கை அதற்குமேல் வேறெதன் பக்கமும் போகவில்லை. வாங்கிக் கேமராவில் திருகினேன். மரை கவ்வியது, வெண்ணெயில் போவது போலப் போய்ச் சரியான இடத்தில் நின்றது. ஆட்டம் இல்லை, உறுத்தல் இல்லை. லேத் ஓட்டுகிறவனுக்கு அது போதும். மரை பிடித்தால் எல்லாம் பிடித்த மாதிரி. கண்ணை வைத்துப் பாயின் தாடியைப் பார்த்தேன். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. வேறெதைப் பார்ப்பது அந்தச் சந்தில்? எங்கே திரும்பினாலும் கை தூரத்தில் சாமான்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா லென்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "குருவிக் கண்ணா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "பாவம், எத்தினி அழகா பாத்திருக்கும். இனிமே என் மூஞ்சியப் பாக்கப்போவுது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா வாசலில் வந்து நின்றாள். அக்கா புருஷன் வீட்டிலிருந்து வந்திருந்தாள். அக்கம்பக்கமெல்லாம் வேடிக்கை. கால் தெரிய வேண்டும் என்று அம்மாவே சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தாள். நீள லென்ஸுக்கு முழு ஆளும் அடங்க வேண்டுமானால் நான் நன்றாகப் பின்னால் போக வேண்டும், அது எனக்குத் தெரியும். எதிரே தரிசுதான். புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பிக் கண்ணை வைத்தேன்.

அம்மா இல்லை. பச்சையாக ஒரு புகை இருந்தது.

போகஸ் வளையத்தைத் திருகினேன். இந்தக் கோடி வரைக்கும் திருகினேன், அந்தக் கோடி வரைக்கும் திருகினேன். புகைதான். கொஞ்சம் கிட்டே வந்தேன், புகை. இன்னும் கிட்டே, இன்னும் புகை. "இன்னாடா, நடந்துகினே கீற?" என்று அக்கா சிரித்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. நடந்து நடந்து, கையை நீட்டினால் அம்மாவைத் தொட்டுவிடலாம் என்கிற இடத்துக்கு வந்ததும் திடீரென்று பனி விலகியது போல அவள் முகம் வந்தது.

அய்யோ, அந்த முகம்! விற்றுவிட்ட மூக்குத்தியின் துளை தூர்ந்துபோய் ஒரு புள்ளியாய் நின்றது. ரைஸ்மில் ஆவியில் வெந்து கன்னத்தில் ஓடிய கோடுகள், இமை முடி, கீழுதட்டில் ஒரு சின்ன மச்சம். என் அம்மாவுக்கு உதட்டில் மச்சம் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் பட்டன்மேல் இருந்தது.

"காலு தெரியுதா நைனா?"

தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. எந்தப் படுபாவியும் சொல்லியிருப்பான். நான் சொன்னேன்: "இல்லம்மா. மூஞ்சி மட்டுந்தான் வரும்போலகீது. அத்த எடுத்துக்கட்டா? சூப்பரா கீற."

"கழுத்தோட வெட்டுனாப்லியா? வோணாம் உடு" என்று நகர்ந்துவிட்டாள். கோபமில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு எங்க பூடப்போவுது, நானு எங்க பூடப்போறேன்? சரி பண்ணிக்கினு வா" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சேலையை மாற்றிக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் லென்ஸைக் காட்டினேன். அவர் சிரித்தார். அது ரஷ்யாவில் வேறு ரகக் கேமராவுக்குச் செய்தது. அதன் உடம்பு ஒல்லி. லென்ஸ் பிலிமுக்கு இன்னும் கிட்டே உட்காரும். என் கேமரா தடித்தது. "மரை ஒண்ணுதான்யா, ஆனா லென்ஸ் ஒரு விரல் தூரம் தள்ளி நிக்குது. அதான் கிட்ட இருக்கிறது மட்டும் தெரியுது" என்றார். மரையை நம்பினேன், மரை என்னை ஏமாற்றவில்லை. தூரத்தை நான் கேட்கவேயில்லை. பாய் திருப்பி எடுக்க மாட்டார். வேறொன்று வாங்கக் கையில் வழியில்லை.

சூப்பர்வைசரே வழியும் சொன்னார். லென்ஸின் குழலில் ஒரு விரல் அகலத்தை லேத்தில் வெட்டியெடுத்துவிட்டு, மரையை மறுபடி வெட்டினால் பிலிமுக்குக் கிட்டே வந்துவிடும். சொல்வது சுலபம். அலுமினியக் குழல், உள்ளே கண்ணாடி. ஒரு தூசு உள்ளே போனாலும், கை ஒரு நூல் பிசகினாலும் குருவிக் கண் குருட்டுக் கண். பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். தைரியம் வந்த அன்று லேத் காலியில்லை, லேத் காலியான அன்று தைரியமில்லை. கம்பெனியில் ஓவர்டைம் வேறு பேஜாராக இருந்தது.

இடையிடையே சாவுகள் வந்தன. பழைய லென்ஸோடு போய் எடுத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா கேட்பாள்: "குருவிக் கண்ணு சரியாச்சா?" நான் இல்லை என்பேன். "சரி, மொள்ளமா செய்யி" என்பாள்.

அம்மாவின் கண் மஞ்சளாக இருந்ததை முதலில் பார்த்தவள் அக்கா. நான் பார்க்கவில்லை. உதட்டு மச்சம் வரைக்கும் பார்த்தவனாம் நான்! மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிறபடி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், உப்பில்லாமல் சோறு போட்டோம். ரைஸ்மில்லுக்குப் போகாதே என்றால் கேட்டால்தானே. ஒருநாள் மில்லிலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு லேத்தில் லென்ஸை மாட்டினேன். கண்ணாடிகளைக் கழற்றித் துணியில் பொதிந்து வைத்துவிட்டுக் குழலை வெட்டினேன். அத்தனை நாள் பயந்த வேலை, சாப்பாட்டு மணி முடிவதற்குள் பாதி முடிந்துவிட்டது; மீதியை மறுநாள் முடித்தேன். கண்ணாடிகளைத் திரும்பப் பூட்டிக் கேமராவில் திருகி, கம்பெனி வாசலுக்கு ஓடிப்போய் ரயில் பாதைப் பக்கம் பார்த்தேன். சிக்னல் கம்பத்தின் ஏணிப்படி தெரிந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கையின் கண் தெரிந்தது. அந்த நடுரோட்டில் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். "சரியாச்சும்மா! எத்தினி தூரத்துல நின்னாலும் தெரியுது, காலு, கையி, எல்லாம்" என்று கேமராவை எடுத்தேன். லென்ஸை வாங்கி மடியில் வைத்துத் தடவினாள்.

"சரி பண்ணிட்டியா? கெட்டிக்காரன் நீ."

"இங்கயே ஒண்ணு எடுத்துடறேன்மா. அந்தக் கோடில நின்னா கட்டில் முழுசும் வருது."

"சீ, ஆஸ்பத்திரி கட்டில்லயா? இந்தப் பாழாப்போன சட்டையோடயா? ஊட்டுக்கு வந்துடறேன் நைனா. பச்சப் பொடவையக் கட்டிக்கினு நிக்கிறேன். நீ அந்தாண்ட புளியமரத்தாண்ட போயி எடு."

மல்லுக்கட்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஆத்திரம் பொங்குகிறது. சரிம்மா என்றேன். நான் கேமராவை உறையில் வைத்து மூடுகிற வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். மாட்டுவண்டியில், பாயில் சுற்றி.

அத்தை, அப்பாவின் தங்கை, பச்சைச் சேலையை எடுத்து அம்மாவுக்குக் கட்டினாள். டீக்கடை நாற்காலி தானாக வந்தது. எல்லாருக்கும் பழக்கம்தானே. கட்டினார்கள், மாலை போட்டார்கள். அக்கா புருஷன் நாற்காலிக்குப் பின்னால் குந்திப் பிடரியைப் பிடித்துக்கொண்டான். அக்கா பக்கத்தில் நின்றாள். மகன் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முடியாது என்று உள்ளே போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டேன். அத்தை பின்னாலேயே வந்தாள். "நைனா, உங்கப்பனுக்குத்தான் ஒண்ணுமில்லாம பூட்ச்சு. இவளுக்கும் இல்லாம பண்ணப்போறியா?" என்று அழுதாள்.

கேமராவில் குருவிக் கண்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா பார்த்தபடியே. அதைக் கழற்றினேன். அம்மா கேட்டது பிணம் பார்க்காத கண். அவள் பிணத்தையே அதற்கு முதலாவதாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. துணியில் சுற்றி அப்பாவின் தகரப் பெட்டியில் வைத்தேன். இன்னும் அதில்தான் இருக்கிறது. அது குருவியைப் பார்த்ததோ என்னவோ, என் கையில் வந்த பிறகு அதைக்கொண்டு ஒரு படமும் எடுக்கவில்லை.

பழைய லென்ஸைத் திருகிக்கொண்டு வெளியே வந்தேன். புளியமரம் வரைக்கும் போக வேண்டிய தேவையில்லை, இந்த லென்ஸுக்கு நாலு எட்டுப் பின்னால் போனாலே ஆள் முழுசாக அடங்கும். கண்ணை வைத்தேன். தெளிவாக இருந்தது. அத்தை குனிந்து, கால் கட்டைவிரல்களில் கட்டியிருந்த வெள்ளைத் துணி தெரியாமல் இருக்கச் சேலையைக் கீழே இழுத்துவிடப் போனாள்.

"மூடாத அத்த" என்றேன். "காலு தெரியணும்."

"இன்னாடா சொல்ற? கட்டு தெரியுதுடா."

"தெரியட்டும். அம்மா கேட்டுச்சு."

அத்தை சேலையை விட்டுவிட்டு நகர்ந்தாள். எடுத்தேன். என் அம்மாவுக்கு இருக்கிறது அந்த ஒரு போட்டோதான். முழுசாக, காலோடு, அந்த வெள்ளைக் கட்டோடு இருக்கிறாள்.